காந்தத்தில் பிளாட்டினம் ஒட்டாது

"பழைய காரின் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை உடைத்து ஆசிடில் போட்டு, காந்தத்தை விட்டால் பிளாட்டினம் ஒட்டிக்கொண்டு வரும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்பது கார் புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்; அதில் இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூன்றுமே காந்தத்தில் ஒட்டாது, எந்த வேதியியல் பாடநூலிலும் பார்க்கலாம். ஆய்வகங்களில் பயன்படுத்தும் காந்த நானோ துகள் வேறு சங்கதி: உலோகத்தைப் பிடிக்கும் வேதிப்பொருள் பூசிய இரும்பு ஆக்சைடு அது, அமிலத்தில் ஏற்கெனவே கரைந்திருக்கும் உலோக அயனிகள் அந்தப் பூச்சில் போய் ஒட்டிக்கொள்ள, காந்தம் துகளைத்தான் இழுக்கிறது. கன்வெர்ட்டருக்கு உள்ளே தேன்கூடு போன்ற பீங்கானில் படிந்திருப்பதே சில கிராம்தான். அதற்காக வீட்டில் ராஜதிராவகம் (நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கலவை) காய்ச்சினால் குளோரின் புகை நுரையீரலைப் பொசுக்கிவிடும். பெல்ஜியத்தின் ஹோபோகனில் யூமிகோர் நிறுவனம் பெரிய உலையில் உருக்கிப் பிரிக்கிற வேலை இது, அவர்கள் தளத்திலேயே விளக்கம் இருக்கிறது. தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.