ஐஸ் ட்ரே

எங்க வீட்டு ஃப்ரீசர்ல ரெண்டு ஐஸ் ட்ரே இருக்கு. நீலக் கலர். ஒண்ணு ஓரத்துல கீறல் விட்டது. கல்யாணம் ஆன நாள்லருந்து அதுல தண்ணி நிரப்பி வைக்கிறது என் வேலை. நான் குடியை நிறுத்தினதுக்கு அப்புறமும் எட்டு மாசம் நான்தான் நிரப்பிட்டு இருந்தேன். யாரும் சொல்லல, கை தானா செஞ்சுது. ஒரு நாள் ராத்திரி சிங்க் முன்னாடி ட்ரேயைப் புடிச்சுட்டு நிக்கும்போதுதான் உறைச்சுது, இதை யாருக்கு நிரப்பிட்டு இருக்கேன்னு.

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நாள் யோசனை. குடிகாரனோட பொண்டாட்டி எழுதினா படிக்க ஆள் இருக்கு, "ஐயோ பாவம்" சொல்லவும் ஆள் இருக்கு. பொண்டாட்டியும் சேர்ந்து குடிச்சா, அப்புறம் அவ மட்டும் விட்டா, புருஷன் இன்னும் குடிக்கிறான்னா அதை எந்தக் கணக்குல வைக்கிறதுன்னு நம்ம ஊருக்குத் தெரியல. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புல 15 வயசுக்கு மேற்பட்ட ஆம்பளைங்கள்ல 18.8 சதவீதம், பொம்பளைங்கள்ல 1.3 சதவீதம் பேர் குடிக்கிறதா வந்துச்சு. தமிழ்நாட்டுப் பெண்கள் கணக்கு அதைவிடக் கம்மி. கணக்கெடுக்க வந்தவங்க எங்க வீட்டுக் கதவைத் தட்டியிருந்தா, பக்கத்துல மாமியாரை உக்கார வெச்சுக்கிட்டு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

பெங்களூர்ல வேலை பார்க்கும்போது ஆரம்பிச்சது. வெள்ளிக்கிழமை ராத்திரி அவன் விஸ்கி, நான் ஒயின். அப்புறம் நானும் விஸ்கி. அப்புறம் வெள்ளிக்கிழமைக்காக ரெண்டு பேருமே காத்திருக்கல. பாப்பா வயித்துல இருந்தப்பவும் பால் குடுத்தப்பவும் சுத்தமா தொடல. அந்தப் பெருமைதான் அப்புறம் எனக்குச் சாக்காச்சு. "ரெண்டு வருஷம் இருந்தேன்ல, வேணும்னா விட்டுடுவேன்."

சென்னைக்கு வந்த அடுத்த வருஷம் ஊரடங்கு. 2020 மே மாசம் மத்த மாவட்டத்துல டாஸ்மாக் திறந்தப்பவும் சென்னையில திறக்கல. ஆகஸ்ட் 18தான் திறந்தாங்க. என் மாமனார் திதிகூட எனக்குக் காலண்டர் பார்த்தாதான் தெரியும், இந்தத் தேதி மட்டும் மறக்கல. நடுவுல யார் யார்கிட்டயோ மூணு மடங்கு விலைக்கு வாங்கினோம். ஒரு தடவை ரெண்டு நாள் ஒண்ணுமே கிடைக்கல. ரெண்டாம் நாள் காலையில பாப்பாவுக்கு மை டப்பியிலருந்து பொட்டு வைக்கப் போறேன், விரல் நெத்திக்குப் போகல. ஆடுது. பாப்பா சிரிச்சுட்டே "அம்மா, கோணலா வெக்கிற"ன்னா.

அதுக்கப்புறமும் ஒரு வருஷம் குடிச்சேன். பொட்டு கோணலானதும் திருந்திட்டேன்னு எழுத ஆசைதான், ஆனா அப்படி நடக்கல. 2021ல ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. சொந்தக்காரங்களுக்கு வயித்துப்புண்ணுன்னு சொன்னோம். இதைப் படிக்கிறவங்க யாராவது தினம் குடிக்கிறவங்களா இருந்தா ஒண்ணு சொல்லணும். வீராப்பா ஒரே நாள்ல நீங்களா நிறுத்தாதீங்க. கை நடுக்கத்தோட நிக்காது, சிலருக்கு வலிப்பு வரும், ரெண்டு மூணு நாள்ல புத்தி தடுமாறி இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியும், உயிரே போகலாம். டாக்டர்கிட்ட போனா மாத்திரையைப் படிப்படியாக் குறைச்சு, வைட்டமின் பி1 ஊசி போட்டு இறக்கிவிடுவாங்க. எனக்கு அப்படித்தான் செஞ்சாங்க.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த அன்னைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு ஹால்ல சோடா மூடி திறக்குற சத்தம். புஸ்ஸ்னு. அவன் ஒண்ணும் என்னைச் சீண்டல. அவனுக்கு அது ஒன்பது மணி, அவ்வளவுதான்.

குடிக்கிற புருஷனோட இருக்குறதுல கஷ்டம் அந்த நாத்தம்னு எல்லாரும் சொல்வாங்க. எனக்கு அது நாத்தமா இல்லங்க, வாசனையா இருந்துச்சு. அவன் மேல எனக்கு வந்தது அருவருப்பு இல்ல, பொறாமை. இதை வெளிய சொன்னா செருப்பால அடிப்பாங்கன்னு நினைச்சேன். ஒரு நாள் அவன் கிளாஸ் தட்டிவிட்டுட்டு அப்படியே தூங்கிட்டான். நான் டீப்பாயைத் துடைச்சேன். துடைச்சுட்டு, வாஷ்பேசின் முன்னாடி நின்னு, ஈர விரலை மூக்குக்கிட்ட வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் இருந்தேன்னு தெரியல. விம் சோப்பைப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்ச்சேன். பாத்ரூம் தரையில உக்காந்து, ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவங்க கூடிப் பேசுற குழு) மீட்டிங்ல பழக்கமான ஒரு அக்காவுக்குப் போன் பண்ணேன். மணி பதினொண்ணே முக்கால். அவங்க அறிவுரை எதுவும் சொல்லல. "சாப்டியா?"ன்னாங்க. இல்லக்கா. "போய்ச் சாப்டுட்டு வா, லைன்லயே இருக்கேன்." தயிர்சாதமும் மாவடுவும். அந்த அக்கா சும்மா கேக்கல. பசி, கோவம், தனிமை, அசதி - இந்த நாலுல ஒண்ணு இருந்தாலும் குடி ஞாபகம் வரும்னு அங்க சொல்லிக் குடுப்பாங்க. எனக்கு அன்னைக்கு நாலும் இருந்துச்சு.

அதுலருந்து அவன் சிந்தினதை நான் துடைக்கிறதில்ல. பாட்டில் சமையலறைக்குள்ள வரக்கூடாது. ஒன்பது மணிக்கு நானும் பாப்பாவும் உள் ரூமுக்குப் போயிடுவோம். காலையில அவன் ஆபீஸுக்கு "காய்ச்சல்"னு நான் மெசேஜ் போடமாட்டேன். குடிச்சிருந்தா கார் சாவி என்கிட்ட. பாப்பாவை வெச்சு ஒரு தடவை ஓட்டினாலும் சரி, கை ஓங்கினாலும் சரி, நாங்க கெளம்பிடுவோம்னு சொல்லி வெச்சிருக்கேன். அது மிரட்டல் இல்லன்னு அவனுக்கும் தெரியும். (அடிக்கிற வீட்டுல இருக்குறவங்க இந்தப் பதிவைப் பார்த்து "அவங்களே சமாளிக்கிறாங்களே"ன்னு இருந்துடாதீங்க. அது வேற விஷயம். 181க்குக் கூப்பிடுங்க.)

இப்ப எங்க அத்தை விஷயத்துக்கு வர்றேன். ஈரோட்டுக்காரங்க, நல்ல மனுஷி. ஆஸ்பத்திரியில நான் இருந்த ஒன்பது நாளும் பாப்பாவைப் பார்த்துக்கிட்டது அவங்கதான். ஆனா ஊருக்கு வர்றப்ப எல்லாம் ஒரே பாட்டு. "நீயே உட்டுட்ட கண்ணு, அவன உட வெக்க உன்னால முடியாதா? நீ சொன்னா கேப்பானுங் கண்ணு." போன பொங்கலுக்கு ஒரு பொட்டலம் குடுத்தாங்க. பஸ்ஸு பின்னாடி எல்லாம் ஒட்டியிருப்பாங்களே, குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்க வைக்கும்னு, அந்த வகை. காபில கலந்து குடுக்கச் சொன்னாங்க.

அந்தப் பொட்டலத்துல என்ன இருந்துச்சோ, நான் பிரிக்கல. இப்படி ரகசியமா கலக்குறதுல டைசல்ஃபிரம் மாத்திரையும் உண்டு. அது குடிமேல வெறுப்பை எல்லாம் வரவைக்காது. அது உடம்புல இருக்கும்போது குடிச்சா, அசிடால்டிஹைடுங்கிற நச்சு உடம்புல சேர்ந்து மூஞ்சி சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கிடும். இதய நோய் இருக்குறவங்க செத்தே போகலாம். அதனாலதான் குடிக்கிறவருக்குத் தெரிஞ்சு, அவர் சம்மதிச்சு மட்டும் குடுக்கணும்ங்கிறது. எனக்கும் டாக்டர் அதை எழுதினாரு, எல்லாம் விளக்கிக் கையெழுத்து வாங்கிக்கிட்டுத்தான். எனக்குத் தெரியாம யாராவது கலந்திருந்தா, அப்புறம் இந்த வீட்டுல நான் பச்சத்தண்ணிகூடக் குடிச்சிருக்க மாட்டேன். அத்தைகிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப என்னதானுங் கண்ணு பண்றது?"ன்னாங்க. பதில் இருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?

என் கருத்து இதுதான், கோவப்படாதீங்க. நான் குடியை விட்டது அவனைத் திருத்துற திட்டத்தோட முதல் கட்டம் இல்ல. அவன் விடுவான்னு நான் விட்டிருந்தா, அவன் விடாத ஒவ்வொரு ராத்திரியும் நான் திரும்ப ஆரம்பிக்கிறதுக்கு ஒரு காரணம் ஆகியிருக்கும். முதல் ஆறு மாசம் அவன் பாட்டில்ல பேனாவால கோடு போட்டு அளந்துட்டு இருந்தேன். அவனோட அளவை நான் பார்த்த நாள்ல எல்லாம் என் நினைப்பு அந்தப் பாட்டில்லயேதான் இருந்துச்சு. குடிக்காம குடிச்சுட்டு இருந்தேன்னு வெச்சுக்குங்க.

அவன் பக்கமும் ஒண்ணு இருக்கு. ஏஏவை ஆரம்பிச்ச பில் வில்சன் 1934 டிசம்பர்ல குடியை விட்டாரு. அவர் மனைவி லோயிஸ் அத்தனை வருஷம் அழுது, கெஞ்சி, சம்பாதிச்சுப் போட்டும் நடக்காதது, யார் யாரோ சேர்ந்து கூட்டம் போட்டு நடந்துடுச்சு. "கூட்டத்துக்கு நேரமாச்சு, கெளம்பு"ன்னு அவர் ஒரு நாள் சொன்னப்ப லோயிஸ் ஷூவைத் தூக்கி வீசினாங்களாம். பின்னாடி 1951ல, குடிக்கிறவங்க குடும்பத்துக்காக அல்-அனான் தொடங்கினது அவங்கதான். எங்க வீட்டுல அந்த ஷூ என் புருஷன் கால்ல இருக்கு. "நீ விட்டப்புறம் நான் தனியா குடிக்கிறேன்டி"ன்னான் ஒரு நாள். கிண்டல் இல்ல. நான் ஞாயித்துக்கிழமை ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு மீட்டிங்ல உக்காந்தா, கதவைச் சாத்திக்கிட்டு அவனைப் பத்திக் கோள் சொல்றேன்னு நினைக்கிறான். ஒண்ணும் பேசாம எலுமிச்சை சோடா குடிச்சாலும் அது அவனுக்கு ஒரு கண்டனமாத் தெரியுது. வெள்ளிக்கிழமை ராத்திரி எங்களுக்குள்ள ஒரு சிநேகம் இருந்துச்சு. அதை நான்தான் முறிச்சேன். முறிச்சதுக்கு வருத்தம் இல்ல, ஆனா அது இருந்துச்சு.

ஏன் பிரியலன்னு கேப்பீங்க. பிரியலாம். பிரியாமலும் இருக்கலாம். ஆஸ்பத்திரியிலருந்து வந்த முதல் வருஷத்துல பெரிய முடிவு எதுவும் எடுக்காதேன்னாங்க, எடுக்கல. இப்பவும் மூணு மாசத்துக்கு ஒருக்கா உக்காந்து யோசிக்கிறேன். இந்தத் தடவையும் இருக்கலாம்னு பட்டுச்சு. அடுத்த தடவை தெரியாது.

நேத்து சாயங்காலம் பாப்பா நன்னாரி சர்பத் கேட்டா. ஃப்ரீசரைத் திறந்தா ரெண்டு ட்ரேயும் காலி. "அப்பா, ஐஸ் எல்லாம் நீயே காலி பண்ணிட்ட!"ன்னு ஹாலைப் பார்த்துக் கத்தினா. எழுந்து வந்தான். இன்னும் ஒன்பது ஆகல, குடிச்சிருக்கல. கீறல் விட்ட ட்ரேயைக் குழாய்ல புடிச்சு நிரப்பி, ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு ஃப்ரிட்ஜ் வரைக்கும் நடந்தான். நாலு அடிதான். தண்ணி தளும்பித் தரையெல்லாம் சிந்துச்சு. அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். அவனும் என்னைப் பார்த்தான்.

ஃப்ரிட்ஜ் கதவுல, பாப்பாவோட டைம்டேபிளுக்குக் கீழ, குடிநோய் உதவி எண் 14446 எழுதின சீட்டு ரெண்டு வருஷமா ஒட்டியிருக்கு. நான் அதைக் காட்டல. துடைக்கத் துணி எடுக்கவும் போகல. பாப்பாவுக்கு ஐஸ் இல்லாமலே சர்பத் கலந்து குடுத்தேன்.