அப்கிரேடுக்குப் பிறகு பிளக்-இன் காணாமல் போவது ஏன்?

லினக்ஸில் பிளக்-இன்னை, அதாவது ஒரு மென்பொருளுக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரலை, பேக்கேஜாகத் தருவது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். நிறுவும்போது பிளக்-இன்னைத் தாய் மென்பொருளின் பட்டியலில் பதிவு செய், நீக்கும்போது பதிவை அழி, அவ்வளவுதான் என்று அது முடித்துவிட்டது. முதல் நிறுவலுக்குச் சரி. அப்கிரேடில்தான் வம்பு.

ஆர்பிஎம்மில் (ஃபெடோரா போன்ற லினக்ஸ்களின் பேக்கேஜ் முறை) புதிய பதிப்பின் 'போஸ்ட்' (நிறுவிய பின் ஓடும்) ஸ்கிரிப்ட் முதலில் ஓடும்; பழைய பதிப்பின் 'ப்ரீஅன்' (நீக்கும் முன் ஓடும் ஸ்கிரிப்ட்) அதற்கு அப்புறம்தான். புதியது பதிந்ததைப் பழையது வந்து அழித்துவிட்டுப் போகும். ஃபைல்கள் எல்லாம் அப்படியே இருக்கும், பிளக்-இன் மட்டும் மெனுவில் இருக்காது. பிழைச்செய்தியும் வராது என்பதால் கண்டுபிடிப்பதற்குள் தலை சுற்றிவிடும். 'ப்ரீஅன்' ஸ்கிரிப்ட்டுக்கு ஆர்பிஎம் தரும் முதல் ஆர்க்யுமென்ட் (மதிப்பு) 0 ஆக இருந்தால் மட்டும் பதிவை அழிக்க வேண்டும். 1 என்றால் நடப்பது அப்கிரேட். டெபியன் வகை லினக்ஸில் வரிசை வேறு: பழைய 'ப்ரீஆர்எம்' (நீக்கும் முன் ஓடுவது) முதலில், புதிய 'போஸ்ட்இன்ஸ்ட்' (நிறுவிய பின் ஓடுவது) கடைசியில். அதனால் அங்கே இந்தக் குறிப்பிட்ட தொல்லை இல்லை.

என்னைக் கேட்டால், பிளக்-இன் பேக்கேஜில் ஸ்கிரிப்டே வேண்டாம். ஒரு டைரக்டரியில் ஃபைலைப் போட்டால் போதும். தாய் மென்பொருளின் பேக்கேஜ் அந்த டைரக்டரியைக் கவனித்துப் பட்டியலைப் புதுப்பிக்கட்டும். டெபியனின் பேக்கேஜ் கருவியான டிபிகேஜியில் டிரிகர் (ஒரு டைரக்டரியில் மாற்றம் வந்தால் தானாக ஓடும் ஏற்பாடு) இதற்காகவே இருக்கிறது. ஆர்பிஎம்மிலும் 4.13 பதிப்பிலிருந்து ஃபைல் டிரிகர் உண்டு. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!