மணிப்பூரின் முறை ஏன் நள்ளிரவில்தான் வருகிறது?

2024 ஜூலை 1. மக்களவையில் குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீது விவாதம். எதிர்க்கட்சித் தலைவர் பிற்பகலிலேயே பேசி முடித்துவிட்டார். மறுநாள் தலைப்புச் செய்தி என்ன என்பது சாயங்காலத்துக்குள் முடிவாகிவிட்டது. நாடே படுக்கப் போன பிறகு, நள்ளிரவை ஒட்டித்தான் உள் மணிப்பூர் தொகுதி எம்.பி. அங்கோம்சா பிமோல் அகோய்ஜம் எழுந்து பேசினார். டெல்லி ஜே.என்.யு. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய பேராசிரியர். அவைக்குப் புதியவர்.

60,000 பேர் ஒரு வருடமாக நிவாரண முகாம்களில் கிடக்கிறார்கள் என்றார். 200 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், ஆயுதம் ஏந்திய ஆட்கள் ஊர் ஊராகக் காவல் நிற்கிறார்கள், அரசு வேடிக்கை பார்க்கிறது என்றார். இவ்வளவுக்குப் பிறகும் குடியரசுத் தலைவர் உரையில் மணிப்பூர் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று கேட்டார். அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு மறக்கவே இல்லை. பிரதமர் வாயைத் திறந்து, மணிப்பூர் இந்தியாவின் ஒரு பகுதி, அந்த மக்கள் மீது எங்களுக்கு அக்கறை இருக்கிறது என்று சொல்லட்டும், அந்த நொடியே நான் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன் என்றார்.

அவர் நிதி கேட்கவில்லை, தொழிற்சாலை கேட்கவில்லை. ஒரு வாக்கியம் கேட்டார். நாடாளுமன்றத்தில் ஒரு மாநிலத்தின் பிரதிநிதி இதைவிடக் குறைவாக எதையும் கேட்டுவிட முடியாது.

அந்த வீடியோவை லட்சக்கணக்கானவர்கள் பகிர்ந்தார்கள், நானும் பகிர்ந்தேன். எல்லோரும் அவருடைய கோபத்தைப் பற்றியே பேசினோம். எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாகத் தெரிவது அவர் பேசிய நேரம். அவையில் கட்சிகளின் பலத்தை வைத்து நேரம் பிரிக்கிறார்கள். யார் பேசுவது என்ற பட்டியலைக் கட்சிகள் தருகின்றன. தலைவர்கள் முதலில், புதியவர்கள் கடைசியில் என்பது பழகிப்போன வரிசை. எரிந்துகொண்டிருக்கும் ஊரிலிருந்து வந்தவரும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டுமா? இந்தக் கேள்வி ஆளும் கட்சிக்கு மட்டுமல்ல, அவரை நிறுத்தி ஜெயிக்கவைத்த காங்கிரஸுக்கும் சேர்த்துத்தான்.

அவருக்கு முன்பு நிலைமை இன்னும் மோசம். 2023 மே 3-ல் மெய்தேய், குக்கி மக்களுக்கிடையே கலவரம் வெடித்தபோதும் மணிப்பூருக்கு இரண்டு எம்.பி.க்கள் இருந்தார்கள். அதில் ஒருவர் மத்திய இணை அமைச்சர் ஆர்.கே. ரஞ்சன் சிங். ஜூன் மாதம் இம்பாலில் அவருடைய வீட்டையே கும்பல் கொளுத்தியது. ஆகஸ்டில் மணிப்பூருக்காகவே நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. மூன்று நாள் விவாதத்தில் மணிப்பூரின் இரு எம்.பி.க்களுமே பேசவில்லை. இன்னொருவரான, பா.ஜ.க.வின் கூட்டணிக் கட்சியைச் சேர்ந்த லோர்ஹோ ஃபோஸே, பேச நினைத்ததாகவும் கூட்டணிக் கட்டுப்பாட்டால் முடியவில்லை என்றும் பிறகு செய்தியாளர்களிடம் சொன்னார். பிரதமர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பதில் சொன்னார். மணிப்பூர் என்ற பேச்சு வருவதற்கே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் எதிர்க்கட்சிகள் வெளிநடப்பு செய்துவிட்டன.

மக்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2024 தேர்தலில் இரண்டு தொகுதியிலும் காங்கிரஸை ஜெயிக்கவைத்தார்கள். அகோய்ஜம் ஒரு லட்சம் வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அவர் ஒருவரே முழு மணிப்பூரின் குரல் என்று சொன்னால் அது நியாயமாகாது. அவர் இம்பால் பள்ளத்தாக்கைச் சேர்ந்த மெய்தேய் இனத்தவர். மலைப்பகுதியை உள்ளடக்கிய வெளி மணிப்பூர் தொகுதியின் ஆல்ஃபிரட் கன்ங்கம் ஆர்தர், தாங்குல் நாகா இனத்தவர். மலைப்பகுதியின் குக்கி-ஸோ பழங்குடி மக்களில் ஒருவர்கூட இந்த மக்களவையில் இல்லை. அவர்களுடைய பத்து எம்.எல்.ஏ.க்கள் தனி நிர்வாகமே வேண்டும் என்று கேட்டார்கள்; பள்ளத்தாக்கின் எம்.பி. தங்களுக்காகப் பேசுவார் என்று அந்த மக்களில் எத்தனை பேர் நம்புவார்கள்? இத்தனை பிளவு உள்ள மாநிலத்துக்கு அதிக நேரம் வேண்டும், அதிகக் குரல்கள் வேண்டும்.

அந்தப் பிளவு எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சாலை போதும். சூராசந்த்பூரிலிருந்து இம்பாலுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் வேலையை முடித்துக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். 2023 மேக்குப் பிறகு குக்கி ஒருவரால் அந்தச் சாலையில் இம்பாலின் பெரிய ஆஸ்பத்திரிக்கோ விமான நிலையத்துக்கோ போக முடியவில்லை. மலைச் சாலையில் ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து, பக்கத்து மாநிலமான மிசோரமின் ஐசால் வரை போய் அங்கே விமானம் ஏறினார்கள். இம்பாலில் இருக்கும் மெய்தேயோ மலை வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலையில் கால்வைக்க முடியாமல் விமானத்தையே நம்ப வேண்டியதாயிற்று. நடுவில் மணல்மூட்டைகளும் பாதுகாப்புப் படையும். ஒரே மாநிலத்துக்குள், ஒரே கொடியின் கீழே.

2025 பிப்ரவரி 9-ல் முதல்வர் பிரேன் சிங் ராஜினாமா செய்தார். 13-ம் தேதி குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. இரண்டு மாதத்துக்குள் நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். எப்போது தந்தது தெரியுமா? வக்ஃப் மசோதா விவாதமும் வாக்கெடுப்பும் முடிந்து, ஏப்ரல் 3 அதிகாலை இரண்டு மணி வாக்கில் மக்களவை மணிப்பூரை எடுத்தது. முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துபோனது. அடுத்த நாள் மாநிலங்களவையிலும் அப்படியேதான், விடியற்காலை நான்கு மணி வாக்கில். கூட்டத்தொடரே அன்றோடு முடிந்தது.

குடியரசுத் தலைவர் ஆட்சி என்றால் அந்த மாநிலத்துக்கு நாடாளுமன்றமே சட்டமன்றம். மணிப்பூரின் பட்ஜெட்டைக்கூட அந்த மார்ச்சில் இங்கேதான் நிறைவேற்றினார்கள். மக்களவையின் 543 பேரில் அந்த மண்ணின் ஆட்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேரைப் பகலில் உட்காரவைத்து முழுசாகக் கேட்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

தொகுதி மறுவரையறை பற்றித் தமிழ்நாட்டில் நாம் எவ்வளவு பேசுகிறோம்! எண்ணிக்கை குறைந்தால் நம் குரல் எடுபடாது என்ற பயம் நியாயமான பயம். 39 எம்.பி.க்களை வைத்திருக்கும் நமக்கே அந்தப் பயம் என்றால், வடகிழக்கின் எட்டு மாநிலங்களுக்கும் சேர்த்தே 25 எம்.பி.க்கள்தான் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். நம் வாதத்தில் உண்மை இருக்கிறது என்றால் அது மணிப்பூருக்கும் பொருந்த வேண்டும்.

நமக்கு இன்னொரு பந்தமும் உண்டு. மியான்மர் எல்லையில் மோரே என்ற ஊரில் தமிழர்கள் இருக்கிறார்கள். 1962-க்குப் பிறகு ராணுவ ஆட்சி கடைகளையும் தொழில்களையும் பிடுங்கிக்கொண்டபோது பர்மாவை விட்டுக் கிளம்பியவர்கள். இங்கே வந்தும் நிலைக்காமல், தரைவழியாக பர்மாவுக்கே திரும்பப் பார்த்து, எல்லையில் மறிக்கப்பட்டு, அங்கேயே தங்கியவர்களின் குடும்பங்கள். அங்காளபரமேஸ்வரி கோயில் கட்டி, வியாபாரம் செய்து, குக்கிகளோடும் மெய்தேய்களோடும் வாழ்ந்தவர்கள். 2023-ல் மோரே எரிந்தபோது அவர்களும் வீடிழந்தார்கள். நம் தொலைக்காட்சிகளில் அது எத்தனை நிமிடம் ஓடியது?

2023 ஜூலையில் எதிர்க்கட்சி எம்.பி.க்கள் குழு மணிப்பூர் போனபோது கனிமொழியும் திருமாவளவனும் ரவிக்குமாரும் போனார்கள். முகாம்களை நேரில் பார்த்தார்கள். அதை மனதார மதிக்கிறேன். அதனால்தான் அவர்களிடமே இதைக் கேட்கத் தோன்றுகிறது. அடுத்த கூட்டத்தொடரில் மணிப்பூர் பற்றி விவாதம் வந்தால், உங்கள் கட்சிக்குக் கிடைக்கும் நேரத்தில் கொஞ்சத்தை அந்த இரண்டு எம்.பி.க்களுக்கும் கொடுக்க முடியுமா என்று அவைத் தலைவரிடம் கேளுங்கள். விதி இடம் தராது என்றால், பகல் 12 மணிக்கு, அவசர விஷயங்களை எழுப்புவதற்கான பூஜ்ஜிய நேரம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் எழுந்து, முகாம்களில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள், எப்போது வீடு திரும்புவார்கள் என்று கேட்கலாம். இதைப் படிக்கிற நீங்களும் உங்கள் தொகுதி எம்.பி.யை ஊர்ப்பக்கம் பார்த்தால் இதைச் சொல்லுங்கள். ரோடு, ரயில் மனுவோடு இதுவும் ஒரு மனுவாக இருக்கட்டும்.