புகார் வரவில்லை என்றால் நிம்மதியாக இருந்தார்கள் என்றா அர்த்தம்?

ஞாயிற்றுக்கிழமை இணைய வாசிப்புக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஸ்கிரீன்ஷாட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை முழுதாக மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண்களைப் பற்றி இருபது நிமிடம் பேசச் சொன்னார்கள். ஒரு மாதம் படித்துத் தயார் செய்துகொண்டு போனேன். ஒன்பதாவது நிமிடத்தில் கூட்டத்திலிருந்த ஒரு அண்ணன் குறுக்கே வந்து, "அந்தக் காலத்துப் பொம்பளைங்க எவ்வளவு நிம்மதியா குடும்பம் நடத்தினாங்க, யாராவது புகார் சொன்னாங்களா? எல்லாம் இப்ப கிளப்பிவிடுறது" என்றார். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள். அப்புறம் ‘நேரம் கருதி’ என்று சொல்லி என் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

மூன்று நாள் எழுதாமல்தான் இருந்தேன். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் காதிலேயே நிற்கிறது. யாராவது புகார் சொன்னார்களா?

அண்ணா, யாரிடம் சொல்வது? அதைத்தான் ஒன்பது நிமிடமும் பேசிக்கொண்டிருந்தேன். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன சட்டத்தின்படி, கல்யாணமான அன்றோடு ஒரு பெண் தனி ஆள் என்கிற கணக்கிலேயே வரமாட்டாள், கணவனுக்குள் அடங்கிப்போய்விடுவாள். அவள் கொண்டுவந்த பணமும் அவள் உழைத்து வாங்கும் கூலியும் அவனுடையது, பிள்ளைகள் மேல் உரிமையும் அவனுக்கு. அவள் பெயரில் ஒரு ஒப்பந்தம் போட முடியாது, வழக்குப் போட முடியாது. நியூயார்க்கில் 1848-இல் சொத்துரிமைச் சட்டம் வந்தபோதும், மனைவியின் கூலி மனைவிக்கே என்று எழுத இன்னும் 12 வருடம் ஆனது. புகார் சொல்ல சட்டத்தில் வாயே இல்லாதவர்களைப் பார்த்து, சத்தமே வரவில்லை, ஆகவே நிம்மதியாக இருந்தார்கள் என்கிறீர்கள்.

நான் சொல்லி முடிக்காமல் விட்ட எலிசபெத் பேக்கர்டின் கதையை இங்கே முடித்துவிடுகிறேன். இலினாய் மாநிலத்தில் மாண்டினோ என்கிற சின்ன ஊர். கணவர் பிரெஸ்பிடேரியன் என்கிற கிறிஸ்தவச் சபையின் போதகர். ஆறு பிள்ளைகள், கடைசிப் பையனுக்கு ஒன்றரை வயது. பைபிள் வகுப்பில் இந்தம்மா கணவருடைய நம்பிக்கைகளுக்கு மாறாகத் தன் கருத்தைச் சொன்னார். அவ்வளவுதான் குற்றம். மற்ற யாரையும் மனநலக் காப்பகத்தில் சேர்க்க விசாரணை வேண்டும், மனைவியைச் சேர்க்க மட்டும் கணவன் கேட்டாலே போதும் என்று அந்த மாநிலத்தில் 1851-இல் சட்டம் போட்டிருந்தார்கள். 1860 ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் ரயிலில் ஏற்றி ஜாக்சன்வில் காப்பகத்தில் விட்டார்கள். மூன்று வருடம் உள்ளே. வெளியே வந்தபிறகு கணவர் வீட்டிலேயே ஒரு அறையில் போட்டு ஜன்னலுக்கு ஆணி அடித்துவிட்டார். அந்த ஜன்னல் இடுக்கு வழியாக ஒரு கடிதத்தை வெளியே தள்ளி, அது நண்பர்கள் கைக்குப் போய், 1864-இல் கான்ககீ ஊரில் வழக்கு நடந்தது. ஜூரிகள் உள்ளே போய் 7 நிமிடத்தில் திரும்பி வந்து, இவர் புத்தி தெளிவாக இருக்கிறவர் என்றார்கள்.

மூன்று வருடம் எங்கே, ஏழு நிமிடம் எங்கே. இந்த இடத்தில்தான் என் மைக் போனது. அதற்கப்புறம் நடந்தது இன்னும் கொடுமை. ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போனால் வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். கணவர் பிள்ளைகளையும் சாமான்களையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு மாசசூசெட்ஸுக்குப் போய்விட்டார். அதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை, எல்லாம் சட்டப்படி அவருடையதுதானே. வழக்கு நடக்கும் வரைக்கும் அந்த வீடு வெளியிலிருந்து ஒரு போதகரின் நல்ல குடும்பமாகத்தான் தெரிந்திருக்கும். நிம்மதி என்று சொல்கிறீர்களே, அது இதுதான்.

‘ஒரு கேஸை வைத்து மொத்தக் காலத்தையும் எடைபோடலாமா’ என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். எல்லாக் கணவனும் பேக்கர்டின் கணவர் மாதிரி இல்லை, அன்பாக வாழ்ந்த வீடுகள் ஆயிரம் ஆயிரம் இருந்திருக்கும். ஆனால் நல்ல கணவன் வாய்த்தால்தான் நல்ல வாழ்க்கை என்றால் அது அவளுடைய அதிர்ஷ்டம், உரிமை இல்லை. இதற்குமேல் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, சொந்தக் கதைக்கு வருகிறேன். என் அம்மா சோமனூர்ப் பக்கம் தறி குடோனில் இருபத்திரண்டு வருடம் விசைத்தறி ஓட்டியவர். இடது காது அனேகமாகக் கேட்காது. நான் பாஸ்டன் பக்கம் வேலையில் இருந்தபோது அம்மா மூன்று மாதம் வந்து இருந்தார். ஒரு சனிக்கிழமை லோவல் ஊருக்குக் கூட்டிப்போனேன். அங்கே பழைய பூட் பருத்தி ஆலையை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், பழைய தறிகளை நமக்காக ஓட்டிக் காட்டுகிறார்கள். காதில் வைக்க அடைப்பான் தருவார்கள். அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. வாசலிலேயே நின்று, "இதே சத்தந்தான் கண்ணு" என்றார். அந்தச் சத்தத்தில் எனக்கு அவர் குரல் கேட்கவில்லை, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். தறிக்காரர்கள் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

அந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் நியூ இங்கிலாந்து என்று சொல்லும் அமெரிக்க வடகிழக்கு மாநிலங்களின் பண்ணைகளிலிருந்து வந்த இளம்பெண்கள். 1840-களில் வாரத்துக்குச் சுமார் 73 மணி நேர வேலை. நூல் அறக்கூடாது என்று ஜன்னலைத் திறக்கவிடமாட்டார்கள், உள்ளே ஈரப்புழுக்கமும் பஞ்சுத் தூசியும். நாடாவின் (தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டை) கண்ணில் வாயை வைத்து நூலை உறிஞ்சி இழுப்பார்கள், ஒருத்தி வாய் வைத்ததில் அடுத்தவளும் வாய் வைப்பாள், அதிலேயே நோய் பரவும். இதைப் படித்துச் சொன்னபோது அம்மா, "நாங்களும் வாயிலதான கண்ணு இழுத்தோம்" என்றார். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சை அடைக்கிறது. என் அம்மாவும் புகார் சொன்னதில்லை. நிம்மதியாக இருந்தார் என்று யாராவது எழுதுங்கள் பார்க்கலாம்.

இன்னொன்று, அந்த அண்ணன் சொன்னது தகவலாகவும் தப்பு. புகார் சொன்னார்கள். 1834-இல் கூலியைக் குறைத்தபோது லோவல் பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். 1836-இல் விடுதிக் கட்டணத்தை ஏற்றியபோது மறுபடியும் வந்தார்கள். அப்போது பெரிய பெண்கள் தயங்கி நிற்க, ஹாரியட் ஹான்சன் என்கிற 11 வயதுப் பிள்ளை ‘நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன்’ என்கிற மாதிரி முன்னால் நடக்க, மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். அந்தப் பிள்ளையின் அம்மா கணவனை இழந்தவர், ஆலை விடுதியை நடத்திப் பிழைத்தவர். ‘மற்ற பெண்களை உன்னால் தடுக்க முடியாது, உன் மகளையாவது தடுத்திருக்கலாமே’ என்று அந்த வேலையிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். 1845-இல் சாரா பேக்லி என்கிற தறிக்காரப் பெண் மாசசூசெட்ஸ் சட்டமன்றக் குழுவின் முன்னால் போய், பத்து மணி நேர வேலை போதும் என்று சாட்சியே சொன்னார். அதைத் தீர்ப்பது எங்கள் வேலை இல்லை என்று குழு அனுப்பிவிட்டது. பெண்களுக்குப் பத்து மணி நேரம் என்று அந்த மாநிலத்தில் சட்டம் வந்தது 1874-இல்.

1848 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் செனகா ஃபால்ஸ் என்கிற ஊரில் கூடி, 68 பெண்களும் 32 ஆண்களும் பெண்களுக்குச் சம உரிமை கேட்கும் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். பத்திரிகைகள் செய்த கேலி தாங்காமல் சிலர் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என் பேச்சுக்கு இதயம் போட்டுவிட்டு அந்த எமோஜிகள் வந்ததும் எடுத்துவிட்ட இரண்டு தோழிகளே, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வலித்தது, அவ்வளவுதான்.

‘வெள்ளைக்காரப் பெண்களுக்காக இவ்வளவு உருகுகிறாயே, அடிமைப்பட்ட பெண்கள்?’ என்று கேட்டவருக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். இது ஒன்றுதான் என்னை யோசிக்க வைத்த கேள்வி. அவர்களைப் பற்றிப் பேச வேண்டிய பகுதி பதினான்காவது நிமிடத்தில் இருந்தது. மிசௌரியில் சீலியா என்கிற பெண்ணைச் சுமார் 14 வயதில், 1850-இல், ராபர்ட் நியூசம் என்கிற பண்ணைக்காரர் விலைக்கு வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து பலாத்காரம். ஐந்து வருடம் கழித்து, கர்ப்பமாக இருந்த நிலையில், ஒரு ராத்திரி அவள் அவரைத் தடியால் அடித்தாள், செத்துப்போனார். எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்துவது குற்றம் என்று அந்த மாநிலத்தில் சட்டம் இருந்தது, அவளுடைய வக்கீல்களும் அதைத்தான் எடுத்து வைத்தார்கள். ஆனால் அடிமைப் பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு என்று ஜூரிகளுக்குச் சொல்ல நீதிபதி மறுத்துவிட்டார். சாட்சிக் கூண்டில் ஏறித் தன் கதையைச் சொல்லக்கூட அவளுக்கு அனுமதி இல்லை. 1855 டிசம்பர் 21-ஆம் தேதி தூக்கு.

லோவல் தறியில் ஓடிய பருத்தி இப்படிப்பட்ட பெண்கள் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பறித்த பருத்தி. அதை நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி, அடிமைகளுக்கு உடுத்தக் கொடுக்க என்றே திரும்பத் தெற்குக்குப் போனது. இதைச் சொல்லாமல் நான் கூட்டத்தை முடித்திருக்கமாட்டேன். என்னைப் பேசவிடவில்லை.

‘ஆண்களும்தான் கஷ்டப்பட்டார்கள்’ என்பவர்களுக்கு: ஆமாம், பட்டார்கள். அதைப் பேச நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்ளுங்கள், நான் வந்து கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்கிறேன். ‘அமெரிக்கக் கதை நமக்கெதற்கு’ என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அம்மா அந்த வாசலில் நின்ற நிற்பை நீங்கள் பார்க்கவில்லை.

நேற்று ராத்திரி அம்மாவிடம் போனில் பேசினேன். கூட்டத்தில் நடந்ததைச் சொல்லவில்லை, பேக்கர்டின் கதையை மட்டும் சொன்னேன். காது கேட்காததால் ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளைங்க அவங்கம்மாகிட்டத் திரும்பி வந்தாங்களா?" என்றார். பேக்கர்ட் புத்தகம் எழுதி, தானே ஊர் ஊராகப் போய் விற்று, மாநிலம் மாநிலமாகச் சட்டத்தை மாற்றச் சொல்லி அலைந்து, 1869-இல் சின்னப் பிள்ளைகள் அவரிடம் வந்து சேர்ந்தார்கள் என்றேன். ஒன்பது வருடம் ஆகிவிட்டது என்றேன்.

கொஞ்ச நேரம் அம்மா ஒன்றும் பேசவில்லை. மனதுக்குள் கணக்குப் போட்டிருக்கிறார்.

"அப்ப அந்தக் கைக்குழந்தைக்குப் பத்து வயசுக்கு மேல ஆயிருக்குமே கண்ணு."