ஸ்விட்ச் நியூட்ரலில் இருந்தாலும் பரவாயில்லையா?

"ஃபேனுக்கு ஸ்விட்சை ஃபேஸில் கொடுத்தாலும் நியூட்ரலில் கொடுத்தாலும் ஒன்றுதான், ஏசி கரண்ட்தானே" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. ஃபேஸ் என்பது கரண்ட் வரும் வயர், நியூட்ரல் அது திரும்பிப் போகும் வயர். ஸ்விட்ச் எதில் இருந்தாலும் ஃபேன் ஓடும், சுற்றும் திசைகூட மாறாது. சிக்கல் அணைத்த பிறகுதான். நியூட்ரலை வெட்டினால் ஃபேன் நிற்கும், ஆனால் 230 வோல்ட், கூரையில் வயர்களை இணைக்கும் சீலிங் ரோஸ் வழியாக மோட்டார் சுருள் வரை வந்து அப்படியே நிற்கும்.

காசிமேட்டில் நாங்கள் இருந்த பழைய வீட்டில் இப்படித்தான் இருந்தது. கெபாசிட்டர் மாற்ற ஸ்டூலில் ஏறி, ஸ்விட்ச் ஆஃப்தானே என்று, ஃபேன் கம்பியின் மேல் வயர்களை மூடியிருக்கும் கப்பைக் கீழே இறக்கிவிட்டேன். என்ன தோன்றியதோ, டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். டெஸ்டர் விளக்கு எரிந்தது. அடுத்த வயரில் வைத்தால் அதிலும் எரிகிறது! நியூட்ரல் அறுந்து நிற்பதால் ஃபேஸ் சுருள் வழியாகச் சுற்றி அந்தப் பக்கமும் வந்துவிட்டது. இரண்டு வயருமே ஒரே நிறம், கடல் காற்றில் திருகெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. யார் எதை எங்கே முறுக்கினார்களோ!

நம் ஊரில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல் என்பது வழக்கம். பழைய வீட்டில் நிறத்தை நம்பாதீர்கள். ஸ்விட்சும் ரெகுலேட்டரும் ஃபேஸ் வயரில்தான் வர வேண்டும். மெயினை அணைத்துவிட்டு ஏறுங்கள். டெஸ்டரே வேலை செய்கிறதா என்று அதற்கு முன்னால் ஒரு பிளக் பாயிண்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், பச்சை வயர் இருந்தால் அது எர்த், அதை நறுக்கிவிட்டு ஃபேனை மாட்டாதீர்கள்.