பேனாக்கத்தி சேர்ப்பவன் எல்லாம் பையில் போட்டுச் சுற்றுபவன் இல்லை

"வெளிய எடுத்துனு போவ முடியாத கத்திய இன்னாத்துக்குடா காசு குடுத்து வாங்கி அடுக்கி வெச்சிருக்க?" இந்தக் கேள்வியைக் கேட்காத சொந்தக்காரர் எனக்கு வேலூரிலும் இல்லை, ஆம்பூரிலும் இல்லை. கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு மாமா இதை ஆரம்பித்துவிடுவார், உடனே எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற, என்னை முன்பின் தெரியாத ஆள் இலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார். தபால்தலை சேர்க்கிறவனிடம் "இதை எந்தக் கவர்ல ஒட்டப் போற" என்று யாரும் கேட்பதில்லை.

மாமாவை விட்டுவிடலாம், அவருக்குத் தெரியாது. எனக்கு எரிச்சல் வருவது இன்னொரு கூட்டத்தின் மேல். சத்துவாச்சாரியோ காட்பாடியோ, நம்ம ஊர்ப் பையன்தான், ரீல்ஸில் பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைக்கிறான். போன், பர்ஸ், பைக் சாவி, ஒரு குட்டி டார்ச், கடைசியில் டக்கென்று நாலு அங்குல மடக்குக்கத்தி. பின்னணியில் இங்கிலீஷ் பாட்டு. "எவ்ரிடே கேரி"யாம், தினமும் கூடவே எடுத்துக்கொண்டு சுற்றுகிற சாமான்களுக்கு அப்படிப் பேர். அமெரிக்காக்காரன் வீடியோவை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து வேலூர் கிரீன் சர்க்கிளில் இறக்கியிருக்கிறான். அங்கே பல மாநிலங்களில் பாக்கெட்டில் மடக்குக்கத்தி இருப்பது ஒரு விஷயமே இல்லை, வேலிக்கம்பி, வைக்கோல் கட்டு என்று அவனுக்கு வேலையும் இருக்கிறது. உனக்கு என்னப்பா வேலை? ஸ்விகி பார்சலைப் பிரிக்கவா?

நான் சொல்ல வருவது இதுதான். கத்தி சேர்க்கிறவனுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு சுற்றுகிறவனுக்கும் சம்பந்தமே கிடையாது, சேர்க்கிற நாமே அதை ஒன்றாகக் குழப்பினால் மாமாவும் போலீஸும் குழப்பாமல் என்ன செய்வார்கள். தெரு சட்டத்துக்குச் சொந்தம், அதில் எனக்குப் புகாரே இல்லை. என் மேசை டிராயர் எனக்குச் சொந்தம், அதில் மட்டும்தான் நான் சண்டை போடுவேன்.

முதலில் நம்ம நாட்டுச் சட்டம், ஏனென்றால் "எல்லாக் கத்தியும் குற்றம்" என்று ஒரு கட்சி, "சின்னக் கத்திக்கு யாரும் கேட்க முடியாது" என்று ஒரு கட்சி, இரண்டுமே தப்பு. 1959 ஆயுதச் சட்டம், அதன் கீழ் 2016 விதிகள். அந்த விதிகளில் ஆயுதம் என்று வரும் கத்தி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்டது; வீட்டுவேலை, விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்காகச் செய்த கருவிகள் அதில் சேராது. அதனால்தான் ஆயாவின் அரிவாள்மணைக்கு லைசென்ஸ் கேட்டு யாரும் வருவதில்லை. ஆனால் அதோடு முடியவில்லை. குறிப்பிட்ட பகுதிகளுக்குத் தனி அறிவிக்கை போட அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு இடம் தருகிறது. டெல்லியில் 1980-இல் அப்படி ஒன்று போட்டார்கள். பட்டனை அமுக்கினால் ஸ்பிரிங்கில் திறக்கிற கத்தி, அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் தொட்டால் அங்கே மாட்டினாய். ஊரில் விளையாட்டாக வாங்கின பட்டன் கத்தியை டெல்லிக்குப் போகும் ரயிலில் பையில் போட்டுக்கொண்டு போகிற தம்பி இதைக் கொஞ்சம் படிக்கவும். அப்புறம் ஊரில் தடை உத்தரவு, நாம் 144 என்று சொல்வோமே, 2024 ஜூலையிலிருந்து அது புதுச் சட்டத்தில் 163, அது போட்டிருந்தால் அந்தக் கணக்கு தனி. விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது, சென்னை விமான நிலையத்தில் எத்தனை பேர் சாவிக்கொத்துக் கத்தியைப் பெட்டியில் போட்டுவிட்டு ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்கிறார்கள் என்று நின்று பார்த்தால் தெரியும்.

இதெல்லாம் லண்டனோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. என் அத்தை மகன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறான், அவனும் சேர்க்கிறவன், என்னைவிடப் பைத்தியம். அங்கே 1988-இல் வந்த சட்டப்படி, மடக்கக்கூடிய, வெட்டுமுனை 3 அங்குலத்துக்கு மேல் போகாத கத்தியை மட்டும்தான் காரணம் சொல்லாமல் வெளியே வைத்திருக்கலாம். திறந்த அலகு பூட்டிக்கொள்ளும் என்றால், அது மடக்குக்கத்தியே இல்லை என்று 1990-களின் தொடக்கத்தில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகுந்த காரணம் இருந்தால் சரி, ஆனால் அந்தக் காரணத்தை நிரூபிக்க வேண்டியது வைத்திருந்தவன்தான். அதிகபட்சம் நாலு வருஷம் ஜெயில்.

இதில் வேடிக்கையைப் பாருங்கள். ஓப்பினல் என்று பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890-லிருந்து செய்கிற கத்தி. பீச் மரப்பிடி, ஒற்றை அலகு, நம்பர் நம்பராக வரும். 1955-இல் பிடியின் கழுத்தில் ஒரு எஃகு வளையம் வைத்தார்கள், திறந்த பிறகு அதைத் திருகிவிட்டால் அலகு திரும்பி மடங்காது, விரல் தப்பிக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. 5-ஆம் நம்பர் வரை வளையம் கிடையாது, 6-லிருந்து உண்டு. ஆறும் 3 அங்குலத்துக்கு உள்ளேதான். ஆனால் லண்டன் தெருவில் 5 குற்றமில்லை, 6 குற்றம். விரலைக் காப்பாற்ற வைத்த வளையமே குற்றத்தின் அடையாளம். அத்தை மகன் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ அனுப்பி, "மச்சான், இடது பக்கம் பொடி நடையாப் பூங்காவுக்குப் போவும், வலது பக்கம் கோர்ட்டுக்குப் போவும்" என்றான்.

எனக்கு இந்தச் சட்டம் அறிவில்லாததாகத் தெரிகிறது. ஆனாலும் ஆறாம் நம்பரைப் பையில் போட்டுச் சுற்ற உரிமை வேண்டும் என்று நான் கொடி பிடிக்க மாட்டேன், அவனும் பிடிக்கவில்லை. அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் குத்திச் சாகிறார்கள். அதன் முன்னால் என் ஆப்பிளை எதால் நறுக்குவது என்பது ஒரு பிரச்சினையா? கடையில் கழுவி நறுக்கியே விற்கிறான்.

கோபம் எங்கே வருகிறது என்றால், சட்டம் வாசற்படி தாண்டும்போது. 2021 ஜூலையிலிருந்து அங்கே பட்டன் கத்தியை வீட்டுக்குள் வைத்திருப்பதே குற்றம். நாற்பது வருஷமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த இத்தாலியக் கத்தியும் சேர்த்துத்தான். 2024 செப்டம்பரில் ஜாம்பி கத்தி என்கிற பல்லுப்பல்லாகச் செதுக்கின சமாசாரங்களையும் தடை செய்தார்கள், அதற்கு நான் அழப்போவதில்லை, அதெல்லாம் கத்தி இல்லை, தகரத்தில் வெட்டின பூச்சாண்டி. ஆனால் கொள்கை என்னவோ ஒன்றுதானே.

நம்ம பக்கமும் இதைப் பார்த்தவர்கள்தான். மதராஸ் ராஜதானியில் நம்ம வடாற்காடும் மலபாரும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்த காலம். மாப்பிளைமார், அதாவது மலபார் முஸ்லிம்கள், இடுப்பில் இருந்த போர்க்கத்தியை வைத்திருப்பதே குற்றம் என்று 1854-இல் தனிச் சட்டமே போட்டார்கள். மலபார் கலெக்டர் கானலி ஊர் ஊராகப் போய், 1855 ஜனவரி முடிவதற்குள் 7,561 கத்தியைத் திரட்டினார். அந்தச் செப்டம்பரில் கோழிக்கோட்டில் தன் பங்களாவிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்குக் கத்தி பறித்தது மட்டும் காரணமில்லை, பெரிய கதை அது. ஆனால் ஏழாயிரத்துச் சொச்சம் கத்தி போனதால் மலபாரில் வெட்டுக்குத்து நின்றுவிடவில்லை என்பது மட்டும் தெளிவு. அந்த 7,561-இல் ஒன்றின் பிடியையாவது ஒரு தடவை கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இதைச் சொன்னாலும் இலையைத் தள்ளிப் போடுவார்கள்.

இன்னொன்று, மனசுக்கு நெருக்கமானது. ஜப்பானில் மிக்கி என்ற ஊரில் செய்கிற ஹிகோனோகாமி. மடித்த தகடு ஒன்றுதான் பிடி, ஸ்பிரிங் இல்லை, பூட்டு இல்லை, அலகின் வாலில் ஒரு சின்னக் கொக்கி, அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் சீவ வேண்டும். ஒரு தலைமுறையே அதால்தான் பென்சில் சீவிப் படித்தது. 1960-இல் அசானுமா என்ற சோசலிஸ்ட் தலைவரை மேடையிலேயே ஒரு பதினேழு வயதுப் பையன் குத்திக் கொன்றான். குத்தியது குட்டை வாள். போனது பிள்ளைகளின் பென்சில் கத்தி. பிள்ளைகளிடம் கத்தியே இருக்கக் கூடாது என்று நாடு முழுக்க இயக்கம், கத்தி செய்கிற பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. பென்சில் சீவுகிற மிஷின் விற்றது.

விக்டோரினாக்ஸ் தெரியாதவர் இல்லை. 1884-இல் ஆரம்பித்து, 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்த கம்பெனி. அவர்களே 2024-இல், அலகே இல்லாத ஒரு கருவியைச் செய்துகொண்டிருக்கிறோம் என்று சொன்னார்கள். மற்றக் கருவிகள் இருக்கும், கத்தி இருக்காது. வியாபாரம் பண்ணுகிறவன் நாடு நாடாகச் சட்டத்தைப் பார்த்து எடுக்கிற முடிவு அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் வாங்க மாட்டேன், அவ்வளவுதான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சட்டப் புத்தகத்தில் அங்குலக் கணக்கு இருக்கிறது, ஆனால் ரோட்டில் அளக்கிறது கத்தியை இல்லை, ஆளை. பொய்கை மாட்டுச் சந்தையில் கயிறு அறுக்க இடுப்பில் கத்தி செருகியிருக்கிறவர்கள் எத்தனை பேர், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நுங்கு சீவுகிறவர் அரிவாளோடு சைக்கிளில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போகிறார். ஒரு தேர்தல் சமயம், ஆந்திர எல்லைப் பக்கம் சோதனையில் என் பையைப் பிரித்தார்கள். (வேலூர்க்காரனுக்கு இது புதுசில்லை, 2019-இல் பணம் பிடிபட்டு எம்.பி. தேர்தலையே நிறுத்தி ஆகஸ்டில் நடத்தின ஊர் இது.) என் சாவிக்கொத்தில் இருந்த குட்டி விக்டோரினாக்ஸைப் பார்த்துவிட்டு அந்த அதிகாரி பல்குத்தியை இழுத்துப் பார்த்தார், கத்திரியைத் திறந்து மூடினார், "நல்லா இருக்கே சார், எங்க வாங்கினீங்க?" என்றார். பக்கத்திலேயே நின்ற ஒரு பையன், கட்டிட வேலைக்குப் போகிறவன் போல, அவன் டிபன் பையில் ஒரு காய்கறிக் கத்தி. "இது எதுக்குடா?" நான் கிளம்பும்போதும் அவன் எதுக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ரெண்டில் எந்தக் கத்தி பெரிசு என்பது அங்கே கேள்வியே இல்லை, நான் சட்டையை இன் பண்ணியிருந்தேன், அவன் பண்ணவில்லை. பாக்கெட்டில் கத்தி வைத்துச் சுற்றும் "உரிமை" என்று ரீல்ஸ் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்த உரிமை கிடைத்தாலும் இன் பண்ணினவனுக்குத்தான் கிடைக்கும். பட்டாக்கத்தியால் கேக் வெட்டி வீடியோ போட்டு ஸ்டேஷனுக்குப் போன பையன்கள் செய்தி தமிழ்நாட்டில் எத்தனை தடவை வந்தாச்சு.

வெளியே எடுக்காவிட்டால் அதில் என்ன இருக்கிறது என்றால், வீட்டுக்கு வந்து பாருங்கள். என் டிராயரில் முதல் இடம் தாத்தாவின் கத்திக்குத்தான். அவர் பேர்ணாம்பட்டில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், மேஸ்திரி. மான்கொம்புப் பிடி, ரெண்டு அலகு, சின்ன அலகு சாணை பிடித்துப் பிடித்துத் துரும்பாகத் தேய்ந்திருக்கும். பெரிய அலகின் அடியில், பிடியோடு சேர்கிற இடத்தில், லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு நட்சத்திரமும் ஒரு மால்டா சிலுவையும். ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் முத்திரை, 1682-இல் பதிவானது. அந்தக் காலத்தில் இந்தியாவில் கொட்டிக் கிடந்த கத்தி, போலி முத்திரையும் அதே அளவு கொட்டிக் கிடந்தது. தாத்தாவுடையது எதுவென்று ரொம்ப நாள் குழம்பி, சிலுவையின் நாலு கையும் கூர்மையாக விழுந்திருப்பதை வைத்து அசல்தான் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். நகத்தை அலகின் பள்ளத்தில் வைத்து இழுத்தால் பாதியில் ஒரு தடவை நிற்கும், அப்புறம் முழுசாகத் திறக்கும்போது முதுகு ஸ்பிரிங் 'டப்' என்று உட்காரும். எண்பது வருஷத்துக்குக் குறையாத ஸ்பிரிங். ஆயா அந்தச் சத்தம் கேட்டாலே "தாத்தா பாக்கு வெட்டறாரு" என்பார்.

ஒன்று கவனித்தீர்களா, தோல் ஊரில் இருந்துகொண்டு கத்தியைத் தோல் உறையில் வைக்கக் கூடாது. ராணிப்பேட்டைத் தோலில் அருமையான உறை தைத்துக் கொடுக்கிறார்கள், நானும் தைத்து வைத்திருக்கிறேன், ஆனால் அது காட்டத்தான். பதப்படுத்தினதில் மிச்சம் நிற்கிற அமிலமும் உப்பும், தோல் இழுத்து வைத்துக்கொள்கிற ஈரமும் சேர்ந்து, ஐப்பசி கார்த்திகை மழை முடிவதற்குள் கார்பன் எஃகு அலகில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். வெயில் காலத்தில் வேலூரில் துருவுக்கே தண்ணீர் கிடைக்காது, அது வேறு விஷயம். பருத்தித் துணியில் சுற்றி, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசினாகி மூட்டில் ஒட்டிக்கொள்ளும்.

இன்பாக்ஸில் தாத்தா காலத்துக் கத்தி போட்டோ அனுப்புகிறவர்கள் அனுப்புங்கள், முத்திரை தெரிகிற மாதிரி பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள், அதற்கு முன்னால் தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், சாணைக்காரரிடம் பளபளப்பு வைக்கக் கொடுக்காதீர்கள், அந்தக் கறுப்புதான் அதன் வயசு. "அண்ணா பட்டன் கத்தி எங்க கிடைக்கும், பாக்கெட்ல வைக்கிற சைஸ்" என்று கேட்கிற தம்பிகளுக்கு இனிமேல் பதில் கிடையாது, பிளாக் மட்டும்தான்.