ஊர்ப் பெயரைச் சேர்த்துப் போடுங்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது

இந்தப் பொங்கல் லீவில் எங்கள் குடும்பக் குரூப்பில் நடந்ததை எழுதிவிடாமல் எனக்குத் தூக்கம் வராது. மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கிற நேரம், மாமா ஒரு போட்டோ போட்டார். பச்சைப் புல்வெளி, பின்னால் ஒரு கோவிலின் பெரிய விமானம், முன்னால் மாமாவும் அத்தையும் பிள்ளைகளும். கீழே ஒரே ஒரு வரி: "இது எந்த ஊர்? சொல்லுங்க பாப்போம்!"

அவ்வளவுதான், தூங்கிக்கொண்டிருந்த குரூப் முழித்துக்கொண்டது. சென்னையிலிருந்து ஒருத்தர் "தஞ்சாவூர்" என்றார், கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தர் "தஞ்சை பெரிய கோவில்", துபாயில் இருக்கும் தம்பி "பிக் டெம்பிள்தானே". நான் எண்ணிப் பார்த்தேன், 11 பேர், 11 பேரும் தஞ்சாவூர். மாமா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பக்கத்துல வந்துட்டீங்க" என்று ஒன்றைப் போட்டுவிட்டு வண்டி ஓட்டப் போய்விட்டார்.

நான் ஜெயங்கொண்டத்துக்காரன். பள்ளிக்கூட லீவு நாளில் சைக்கிள் மிதித்துப் போய் அந்தப் புல்லில் உருண்டவன். ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கு அந்த ஆளுயரத்தைத் தாண்டிய லிங்கம் முழுக்கச் சோறு சாத்துவார்களே, அந்தச் சோற்றைக் கையில் வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்தவன். அந்தப் படத்தைப் பார்த்த மறு நொடியே எனக்குத் தெரியும், அது கங்கைகொண்ட சோழபுரம். "மாமா, இது நம்ம கங்கைகொண்ட சோழபுரம், தஞ்சாவூர் இல்லை" என்று எழுதினேன். அவர் பதில் என்ன தெரியுமா? "என்ன மாப்ள, உடனே உடைச்சிட்ட, விளையாட்டே போச்சு." அதற்கு மேல் பொங்கல் வாழ்த்து ஸ்டிக்கர்கள் ஒரு முப்பது வந்து விழுந்தன, நான் எழுதியது மேலே போய் மறைந்தது.

சாயங்காலம் பெரியம்மா மகள், என் அக்கா, அதே படத்திலிருந்து மாமா குடும்பத்தை வெட்டிவிட்டு விமானத்தை மட்டும் ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். "தஞ்சை பெரிய கோவில், நிழல் தரையில் விழாத அதிசயம்." மூன்றாம் நாள் அது என் ஆபீஸ் குரூப்பில் வந்து நிற்கிறது! என் மாமா எடுத்த படம், என் ஊர்க் கோவில், வேறு ஊர்ப் பெயரோடு, முன்பின் தெரியாத ஆள் கையிலிருந்து எனக்கே வருகிறது. இதில் நிழல் விழாதாம். தஞ்சாவூர்க் கோவிலுக்கே நிழல் நன்றாகத்தான் விழுகிறது, சாயங்காலம் போய் நின்றால் அந்த நிழலில்தான் ஜனம் உட்கார்ந்து கடலை கொரிக்கிறது.

மாமாவுக்குப் போன் செய்து கேட்டேன். "விடு மாப்ள, ரெண்டும் சோழர் கோவில்தானே, ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு" என்கிறார்.

ஒரே மாதிரியா? தஞ்சை விமானம் அடியிலிருந்து உச்சிவரை நேர்க்கோடு பிடித்த மாதிரி, ஆணித்தரமாக ஏறும், சுமார் 216 அடி. எங்கள் விமானம் அதைவிட 30 அடிக்கு மேல் குறைவு, ஆனால் பாருங்கள், மேலே போகப் போக அதன் பக்கங்கள் உள்வாங்கி வளைந்து போகும், கல்லில் செய்தது போலவே இருக்காது. அந்த வளைவு ஒன்று போதும், தூரத்தில் பஸ்ஸிலிருந்து பார்த்தாலே அடையாளம் சொல்லிவிடலாம். தஞ்சையில் நந்தி பிற்காலத்தில் கட்டிய மண்டபத்துக்குள் இருக்கிறது, எங்கள் நந்தி வெயிலிலும் மழையிலும் திறந்த வெளியில் உட்கார்ந்திருக்கிறது. வடக்கு வாசல் பக்கம் போனால் சண்டேசுவரர் தலையில் சிவன் தன் கையாலேயே பூமாலையைச் சுற்றிக் கட்டுகிற சிற்பம். அந்த விரல்கள் மாலையைப் பிடித்திருக்கிற பதத்தைப் பார்த்தால், ஒரு அப்பன் பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டிவிடுகிற மாதிரியே இருக்கும், சண்டேசர் கைகூப்பித் தலையை லேசாகக் குனிந்து காட்டிக்கொண்டிருப்பார். மாமா அதற்கு நாலடி தள்ளி நின்றுதான் இன்னொரு செல்பி எடுத்திருக்கிறார். அந்தச் சிற்பத்தில் பாதி அவர் தோளுக்குப் பின்னால்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ராஜேந்திர சோழன் கங்கைவரை படை அனுப்பி வென்றுவிட்டு எழுப்பிய தலைநகரம் அது. ஏறக்குறைய 250 ஆண்டு சோழ ராஜ்யத்துக்கே தலைநகராக இருந்த ஊர் இன்றைக்கு ஒரு சின்ன கிராமம். அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளம்தான் மிச்சம். 1836இல் கொள்ளிடத்துக்குக் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டியபோது இந்தக் கோவிலின் மதிலையும் கோபுரத்தையும் இடித்துக் கல்லைக் கொண்டுபோனார்கள். யுனெஸ்கோ பட்டியலில் தஞ்சாவூர் 1987இல் ஏறிவிட்டது, எங்கள் கோவிலும் தாராசுரமும் சேர 2004 வரை ஆனது. கல் போயிற்று, கோட்டை போயிற்று, மிச்சம் இருப்பது பெயர் ஒன்றுதான். அதையும் ஒரு விடுகதைக்காகத் தூக்கிக் கொடுத்துவிட்டு "விளையாட்டு" என்றால் எப்படிப் பொறுத்துக்கொள்வது? மாமாவுக்குப் பெயர் தெரியும். போர்டைப் பார்த்துத்தான் உள்ளே போயிருக்கிறார். தெரியாமல் தப்பாகப் போட்டிருந்தால்கூட மன்னித்துவிடுவேன். தெரிந்து வைத்துக்கொண்டு, 11 பேர் தப்பாகச் சொல்வதைப் பார்த்துக்கொண்டு, சும்மா இருந்ததுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

மாமா மட்டும் இல்லை. லீவு வந்தால் போதும், எல்லாரும் இதையே செய்கிறார்கள். தேயிலைத் தோட்டம் ஒன்று, மேலே கொஞ்சம் மேகம், "கெஸ் பண்ணுங்க". என்னத்தைக் கெஸ் பண்ணுவது? ஊட்டியிலும் அதே பச்சைதான், வால்பாறையிலும் அதே பச்சைதான், மூணாறு, மேகமலை, அந்தப் பக்கம் நுவரெலியா, எல்லா இடத்திலும் கவாத்து செய்த செடி இடுப்பளவுதான் நிற்கும். ஒரு பஸ் போர்டு இல்லை, கடைப் பெயர் இல்லை, வண்டி நம்பர் பிளேட் இல்லை. படத்தில் முக்கால்வாசி போட்டவருடைய முகம். கேட்கிறவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவே இல்லை, நாம் மூளையைக் கசக்கிக்கொண்டு அவர் எங்கே போயிருக்கிறார் என்று ஒரு மணி நேரம் அவரையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். சரி, உங்கள் சந்தோஷம், கேளுங்கள். ஆனால் ராத்திரிக்குள் பதிலைச் சொல்லித் தொலைக்க வேண்டாமா? பாதிப் பேர் சொல்வதே இல்லை, அடுத்த மலைக்குப் போய் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறார்கள்.

"போட்டோவிலேயே லொகேஷன் இருக்குமே" என்று என் மருமகன் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னான். கேமராவில் லொகேஷனை ஆன் செய்து எடுத்தால் எடுத்தவர் போனில் இருக்கும், ஆமாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டோவாக அனுப்பும்போது அந்த விவரம் கழன்றுவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால்தான் கூட வரும். நம் வீட்டில் யார் டாக்குமெண்டாக அனுப்புகிறார்கள்? நம் கைக்கு வருவது ஊரும் இல்லாத, தேதியும் இல்லாத ஒரு படம். எடுத்தவர் போன் மாற்றினால், தண்ணீரில் போட்டால், அங்கேயும் முடிந்தது.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு உள்ளே அறுப்பது. 2018இல் சித்தப்பா மகன் அப்பாயியை நவக்கிரகக் கோவில்களுக்குக் கூட்டிப் போனான். வேன் பிடித்து, சூரியனார் கோவிலில் ஆரம்பித்து திருநள்ளாறு வரை ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்கிற அந்த ஓட்டம். அன்றைக்கு அவன் ஒரு படம் போட்டான். ஒரு குளத்துப் படியில் அப்பாயி உட்கார்ந்திருக்கிறது, கால் இரண்டும் தண்ணீருக்குள், புடவைக் கொசுவத்தை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, பொக்கை வாய் தெரிய அப்படி ஒரு சிரிப்பு. எந்தப் போட்டோவிலும் வாயைத் திறக்காத அப்பாயி. கீழே அவன் எழுதியது: "எந்தக் கோவில் குளம்? சரியா சொன்னா அல்வா!" ஒருத்தர் வைத்தீசுவரன் கோவில் என்றார், ஒருத்தர் ஆலங்குடி, நான் திருவெண்காடு என்றேன். அவன் பதில் போடவே இல்லை.

அப்பாயி 2020இல் போய்விட்டது. அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "இது எங்க எடுத்தது?" தம்பியிடம் கேட்டேன். "ஒம்போது கோவில்ணே, எது எதுன்னு இப்ப எப்படிண்ணே ஞாபகம் இருக்கும்" என்கிறான். அன்றைக்கு, கேள்வி போட்ட அன்றைக்கு, அவனுக்குத் தெரியும். நாலு எழுத்துத் தட்டியிருந்தால் போதும். நான் போன வருஷம் திருவெண்காடு போய் மூன்று குளத்தையும் சுற்றிப் பார்த்தேன், எதுவும் சேரவில்லை. வைத்தீசுவரன் கோவில் குளத்தைச் சுற்றித் தூண் மண்டபம், படத்தில் தூணே இல்லை.

அதே கூடத்து அலமாரியில் அப்பாவின் பழைய ஆல்பம் இருக்கிறது. ஒரு ரோலுக்கு 36 படம், அதில் பாதி மங்கல், பாதியில் தலை வெட்டுப்பட்டிருக்கும். ஆனால் ஒவ்வொன்றையும் உருவித் திருப்பினால் பின்னால் பால்பாயிண்ட் பேனாவில் "ஒகேனக்கல், பரிசல் துறை, 15.1.1991, இடமிருந்து வலம்" என்று எழுதி யார் யார் என்று வரிசையாகப் பெயர் இருக்கும். பேனா அழுத்தியது முன்பக்கம் வானத்தில் தடமாகத் தெரியும். அப்பா எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. கையில் ஆயிரம் வசதி உள்ள போனை வைத்திருக்கும் உங்களுக்கு ஒரு ஊர்ப் பெயரை எழுத வலிக்கிறதா?

நேற்று மாமா மறுபடியும் ஒரு அருவிப் படம் போட்டார், அதே கேள்வி. "ஊர்ப் பெயரைப் போடுங்க மாமா, இல்லைன்னா படத்தை எடுத்துடுங்க" என்று குரூப்பிலேயே எழுதிவிட்டேன். அம்மா போன் செய்து, பெரியவரிடம் இப்படியா பேசுவது என்று திட்டியது. திட்டட்டும்.

காவிரிப் படுகைப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு உதவி. அந்தக் குளத்தில் கருங்கல் படி, எதிர்க்கரையில் சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த மதில், மதிலுக்கு மேல் ஒரு கோபுரத்தின் உச்சி மட்டும், அதில் மூன்று கலசம் தெரிகிறது. இடது ஓரத்தில் ஒரு வேப்பங்கிளை தண்ணீரைத் தொடுகிற மாதிரி தாழ்ந்திருக்கிறது. எந்தக் கோவில் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள் மட்டும் சொல்லுங்கள், ஊகம் வேண்டாம்.